ஹேண்டிகேப்: குறைபாடு அல்ல, ஈடு

குறைந்த அடியில் முடிப்பவரே வெல்லும் கோல்ஃபில், திறன் வேறுபட்டவர்கள் சமனாக மோத ஒருவருக்கு எத்தனை அடி கழித்துக் கணக்கிடலாம் என்று காட்டும் எண்ணே ஹேண்டிகேப். கோல்ஃப் செய்திகளைத் தமிழாக்குகிறவர்கள் "12 குறைபாடு உடைய வீரர்" என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். "12 அங்கவீனம்" என்று எழுதுகிறவர்களும் உண்டு. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டியதால் வந்த வினை இது. ஆட்டம் தெரிந்தவருக்கு எரிச்சல், தெரியாதவருக்குக் குழப்பம்.

சொல்லின் வரலாறு சிறியது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருவர் பண்டமாற்றுச் செய்வார்கள். இரண்டு பொருளின் மதிப்புக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம், யார் யாருக்கு எவ்வளவு கொடுத்துச் சமன் செய்ய வேண்டும் என்று ஒரு நடுவர் சொல்வார். பந்தயப் பணம் போட்ட தொப்பிக்குள் இருவரும் கையை விட்டு எடுத்துச் சம்மதத்தையோ மறுப்பையோ காட்டுவார்கள். 'தொப்பிக்குள் கை' என்பதே ஹேண்டிகேப் ஆயிற்று. சாமுவேல் பெப்பிஸ் 1660இல் தம் நாட்குறிப்பில் இதைக் குறித்திருக்கிறார். பிறகு சொல் குதிரைப் பந்தயத்துக்குப் போனது. வல்ல குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றி மற்றவற்றோடு சமன் செய்தார்கள். அந்தச் சுமையிலிருந்து 'தடை' என்ற பொருளும், கடைசியாகத்தான் உடற்குறை என்ற பொருளும் கிளைத்தன. கோல்ஃப் எடுத்துக்கொண்டது பழைய பொருளை. பிச்சைக்காரர் தொப்பி ஏந்தியதால் வந்த சொல் என்ற கதைக்கு ஆதாரம் இல்லை.

குறைபாடு என்போருக்கும் ஒரு வாதம் உண்டு: எண் கூடினால் ஆட்டம் மோசம், ஆகவே அது குறையின் அளவுதானே? இல்லை. கணக்கைப் பார்த்தால் தெரியும். 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8இன் சராசரியே ஒருவருடைய எண். 20இன் சராசரி என்று பலர் நினைப்பது தவறு. எண் காட்டுவது அவர் நன்றாக ஆடினால் எதை எட்டுவார் என்பதை. அதனால்தான் சாதாரண நாளில் அந்த எண்ணைவிடச் சில அடி கூடுதலாகவே போகிறது. ஒருவருடைய திறனின் மேல் எல்லைக்குப் போய்க் குறைபாடு என்று பெயர் வைப்பதா?

அந்த எண்ணை வைத்து ஒருவருக்குக் கிடைக்கும் அடிகளும் திடலுக்குத் திடல் மாறும். அந்தச் சராசரி, அதாவது சுட்டெண், 14.6 உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஸ்லோப் (சாதாரண ஆட்டக்காரருக்குத் திடல் எவ்வளவு கூடுதல் கடினம் என்ற அளவு) 128, கோர்ஸ் ரேட்டிங் (தேர்ந்தவருக்கு அங்கே தேவைப்படும் அடிகள்) 71.2, பார் (திடலுக்கோ குழிக்கோ வகுத்த அடிக்கணக்கு) 71 உள்ள திடலில் 14.6ஐ 128ஆல் பெருக்கி, நியம ஸ்லோப்பான 113ஆல் வகுத்தால் 16.54. ரேட்டிங்கிலிருந்து பாரைக் கழித்து வரும் 0.2ஐக் கூட்டினால் 16.74, அதாவது 17. ஸ்லோப் 105, ரேட்டிங் 68.9, பார் 71 உள்ள இலகுவான திடலில் அதே மனிதருக்கு 11தான். காலையில் 17 குறைபாடு, மாலையில் 11 குறைபாடு என்று எழுத முடியுமா? உடற்குறை உள்ளோரும் கோல்ஃப் ஆடுகிறார்கள், அவர்களுக்கும் ஹேண்டிகேப் உண்டு. அந்தச் செய்தியை இந்த மொழிபெயர்ப்பாளர்கள் எப்படி எழுதுவார்கள் என்று நினைக்கவே கூசுகிறது.

'சலுகை' என்பது இதைவிட மேல். கிடைத்த 17 அடியும் கடின வரிசையில் 1 முதல் 17 வரையுள்ள குழிகளுக்கு ஒவ்வொன்றாகப் போகும். அங்கே பார் 4 குழியை 5 அடியில் முடித்தாலும் 4 என்றே கணக்கு. சலுகை போலத்தான் தெரிகிறது. ஆனால் மிகத் தேர்ந்தவருடைய எண் பூச்சியத்தையும் தாண்டி +2 என்று நிற்கும். அவர் எதையும் பெறுவதில்லை, தம் கணக்கில் இரண்டு அடியைக் கூட்டிக்கொள்கிறார். சலுகை என்ற சொல் அங்கே உடைந்துபோகிறது.

'ஈடு' உடையாது. "அவனுக்கு ஈடுகொடுக்க ஏலாது" என்று நாம் தினமும் பேசுகிற சொல். இரு திசைக்கும் பொருந்தும், தொப்பிக்குள் கைவிட்ட அந்தப் பழைய பேரத்துக்கும் பொருந்தும். காணியை ஈடு வைப்பதோடு குழம்பாதா என்று இங்கே கேட்பார்கள். குழம்பாது, அங்கேயும் கடனுக்குச் சமனாக வைப்பதே ஈடு. 'கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்' நமக்குப் பழகியிருப்பதால் 14.6ஐ ஈட்டுச் சுட்டெண் என்போம். 17ஐத் திடல் ஈடு என்போம். கிடைக்கும் ஒவ்வோர் அடியும் ஈட்டடி.

சொல் சரியாக இருந்தால் முறைகேட்டையும் தெளிவாகச் சொல்லலாம். மோசமான ஆட்டங்களை மட்டும் பதிந்து ஈட்டை ஊதவைத்துப் பரிசுக்கு வருகிறவர்கள் உண்டு. இதைத் தடுக்க ஒவ்வொரு குழிக்கும் உச்சவரம்பு இருக்கிறது: பார், அதோடு 2, அதோடு அந்தக் குழிக்குரிய ஈட்டடி. ஈட்டடி ஒன்று உள்ள பார் 4 குழியில் 11 அடித்தாலும் 7தான் பதிவாகும். ஓராண்டின் மிகக் குறைந்த சுட்டெண்ணிலிருந்து 5க்கு மேல் அது ஏறவும் விடமாட்டார்கள். இதைக் 'குறைபாட்டை ஊதவைத்தார்' என்று எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்?

பொரளைப் பக்கம், களனிவெளி ரயில் பாதை ஊடறுக்கும் ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகம் 1879இல் தொடங்கியது. இத்தனை காலம் ஆட்டம் நடந்த ஊரில் தமிழில் எழுதுகிறவர் "திடல் ஈடு 17" என்று எழுதலாம். மனம் ஒப்பாவிட்டால் ஹேண்டிகேப் என்றே எழுதட்டும், அதில் பிழையில்லை.