ஜிம்மில், ரூமில், ரன்னிங்: மெய் எப்போது இரட்டிக்கும்?

'ஜிம்மில் இருக்கிறேன்' என்று சொல்பவர் 'ரூம்மில் இருக்கிறேன்' என்று சொல்வதில்லை. பஸ்ஸில் போகிறோம், காரில் போகிறோம். சிம்மை மாற்றுகிறோம், டீமை மாற்றுகிறோம். இவையெல்லாம் அண்மைக் காலத்தில் தமிழுக்குள் வந்த சொற்கள். ஆயினும் எதன் கடைசி மெய் இரட்டிக்கும், எதன் மெய் இரட்டிக்காது என்பதை யாரும் நமக்குக் கற்றுத் தரவில்லை. 'தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்' என்று நன்னூல் அதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. 'கல்' என்பதில் தனிக்குறில் இருப்பதால் 'கல்லில்' என்றாகிறது; 'கால்' என்பதில் நெடில் இருப்பதால் 'காலில்' என்றே நிற்கிறது; 'பகல்' என்பதில் மெய்க்கு முன் குறில்கள் இரண்டு இருப்பதால் அதுவும் இரட்டாமல் 'பகலில்' என்றாகிறது.

பள்ளியில் நம்மை வாட்டிய ஆங்கில எழுத்துக்கூட்டல் விதி ஒன்று இதற்கு மிக அருகில் வருகிறது. 'ரன்' என்ற வினையோடு 'இங்' விகுதியைச் சேர்த்து எழுதும்போது 'என்' என்னும் எழுத்தை இருமுறை எழுத வேண்டும். 'ரெயின்' என்ற வினையோடு சேர்க்கும்போது ஒருமுறை எழுதினால் போதும். வினையின் இறுதியில் ஒரே ஒரு மெய்யெழுத்து இருந்து, அதற்கு முன் ஒரே ஒரு உயிரெழுத்து இருந்து, சேரவரும் விகுதியும் உயிரெழுத்தில் தொடங்கினால் அந்த மெய் இரட்டிக்கும் என்பதே விதியின் முதற்பகுதி. 'ஹெல்ப்' என்ற சொல்லின் இறுதியில் இரண்டு மெய்கள் இருப்பதால் அது இந்த விதிக்குள் வராது.

ஆனால் தமிழ் விதி ஒலியைப் பார்க்கிறது, ஆங்கில விதி எழுத்தை எண்ணுகிறது. 'செட்', 'ஹெட்' ஆகிய இரண்டையும் குறுகிய எகரத்தோடுதான் உச்சரிக்கிறோம். இருந்தும் 'செட்டிங்' என்று எழுதும்போது கடைசி மெய் இரட்டிக்கிறது, 'ஹெடிங்' என்று எழுதும்போது இரட்டிப்பதில்லை. ஏனெனில் 'ஹெட்' என்ற சொல்லில் அந்த ஒரே ஒலியை எழுதுவதற்கு ஈ, ஏ என்ற இரண்டு எழுத்துகள் நிற்கின்றன. 'கண்ட்ரோல்' இதற்கு நேர் எதிர். அதில் ஒலி நீண்டிருந்தாலும் எழுத்து ஒன்றுதான் என்பதால், இறந்தகால விகுதி சேரும்போது 'எல்' இரட்டிக்கிறது.

வேறோர் ஏமாற்றமும் இங்கே இருக்கிறது. 'ரன்னிங்' என்று நாம் சொல்லும்போது னகரத்தில் உண்மையாகவே அழுந்தி நிற்கிறோம். ஆங்கிலேயரின் வாயில் அப்படி நிற்பதில்லை. 'ரனிங்' என்றே அது ஓடிவிடும். எழுத்தில் இரண்டு, ஒலியில் ஒன்று. அப்படியானால் இரண்டாவது எழுத்தின் வேலை என்ன? முன்னால் உள்ள உயிர் குறில் என்று கண்ணுக்குக் காட்டுவதுதான். தமிழர்கள் அன்றாடம் சொல்லும் 'டைனிங்', 'டின்னர்' என்ற இரு சொற்களை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் இது விளங்கும். முதற்சொல்லில் ஒரே ஒரு 'என்', ஆகவே அதற்கு முன் உள்ள 'ஐ' என்ற எழுத்தைத் தன் பெயர்போலவே நீட்டி வாசிக்கிறோம். இரண்டாவதில் இரண்டு 'என்', ஆகவே அதே எழுத்தை இகரமாகக் குறுக்கி வாசிக்கிறோம்.

இந்த அடையாளம் யாரோ உட்கார்ந்து வகுத்ததன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில், தமிழின் புளி, புள்ளி போலவே, ஒற்றை மெய்க்கும் இரட்டை மெய்க்கும் காதால் கேட்கும் வேறுபாடு இருந்தது. குதிப்பதற்கு 'ஹொப்பியன்' என்றார்கள். நம்பிக்கை கொள்வதற்கு 'ஹொபியன்' என்றார்கள். (இரண்டாவதன் நடுவில் உள்ளதும் வல்லோசைதான், தமிழ் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை.) இரண்டிலும் உயிர் குறில்தான், மெய்யின் நீளம் மட்டுமே வேறு. ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில், மெய்யால் அடைபடாத அசையில் நின்ற குறில்கள் நீளத் தொடங்கின. 'ஹொ' என்று திறந்து நின்ற அசை 'ஹோ' ஆயிற்று. 'ஹொப்' என்று அடைபட்ட அசை அப்படியே நின்றது. அதன்பின் இரட்டை மெய்களை அழுத்திச் சொல்லும் வழக்கம் பேச்சிலிருந்து மறைந்துபோயிற்று. ஒலி போனபின்னும் எழுத்து போகவில்லை. மெய்யின் நீளத்தைக் காட்ட எழுதிய இரட்டை எழுத்து, உயிரின் குறுக்கத்தைக் காட்டும் குறியாக வேலை மாறிக்கொண்டது. இன்றைய 'ஹாப்' என்ற குதித்தலும் 'ஹோப்' என்ற நம்பிக்கையும் 'இங்' சேரும்போது ஓர் எழுத்தால் மட்டும் பிரிந்து நிற்பது இப்படித்தான்.

இந்தக் குறியை முதன்முதலில் பிடிவாதமாகக் கையாண்டவர்களில் ஒருவர் 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஓர்ம் என்னும் துறவி. தம் பெயரையொட்டி 'ஓர்முலம்' என்று அவர் பெயரிட்ட சமயச் செய்யுள் நூலில், சுமார் 19,000 அடிகள் இன்றும் எஞ்சியுள்ளன. அதன் கையெழுத்துப் படி ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அசையை அடைக்கும் மெய் குறிலுக்குப் பின் வந்தால் அதை இருமுறை எழுதுவது அவருடைய முறை. தம் நூலைப் படியெடுக்க வருபவர் அந்த இரட்டை எழுத்துகளை விட்டுவிடாமல் அவ்வாறே எழுத வேண்டும் என்று அதிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய முறையை வேறு எவரும் பின்பற்றவில்லை. ஆனால் அக்கால ஆங்கிலத்தில் எந்த உயிர் குறில், எது நெடில் என்று ஆய்வாளர்கள் அறிவதற்கு இந்த ஒரு மனிதரின் பிடிவாதம் பெரிதும் உதவுகிறது.

விதியின் இரண்டாம் பகுதிக்குத் தமிழில் இணை கிடையாது. சொல்லில் ஓரசைக்கு மேல் இருந்தால், அழுத்தம் (ஓர் அசையை மட்டும் மற்றவற்றைவிட ஓங்கிச் சொல்வது) கடைசி அசையில் விழுந்தால்தான் மெய் இரட்டிக்கும். 'பிகின்' என்பதில் அழுத்தம் பின்னால் விழுவதால் 'இங்' சேரும்போது இரண்டு 'என்' வருகிறது. 'ஓப்பன்' என்பதில் அழுத்தம் முன்னால் விழுவதால் ஒன்றே போதும். இதன் நுட்பம் 'ப்ரிஃபர்' என்ற சொல்லில் நன்றாகத் தெரியும். அதன் இறந்தகால வடிவில் 'ஆர்' இரட்டிக்கிறது. ஆனால் அதே சொல் 'ப்ரெஃபரன்ஸ்' என்று பெயர்ச்சொல்லாகும்போது அழுத்தம் முதல் அசைக்குத் தாவிவிடுவதால் ஓர் 'ஆர்' மட்டுமே மிஞ்சுகிறது. தமிழ்ப் பேச்சில் அழுத்தம் சொற்பொருளைப் பிரிப்பதில்லை. எனவே இந்த இடத்தில் நம் காது உதவிக்கு வராது என்பதும், நம் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான் என்பதும் என் எண்ணம்.

அழுத்த விதியைப் பிரிட்டிஷ் வழக்கே ஓரிடத்தில் மீறுகிறது. 'டிராவல்', 'கேன்சல்' போல 'எல்' எழுத்தில் முடியும் சொற்களில், அழுத்தம் முதல் அசையில் இருந்தாலும் அங்கே மெய்யை இரட்டிக்கிறார்கள். நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அமெரிக்க அகராதி, விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்று அந்த இரண்டாவது 'எல்' எழுத்தை நீக்கியது. தர்க்கப்படி வெப்ஸ்டர் பக்கமே நியாயம் இருக்கிறது. நாம் படித்ததோ பிரிட்டிஷ் வழி. ஆகவே அமெரிக்க ஆங்கிலத்துக்கு அமைக்கப்பட்ட கணினியில் 'டிராவலிங்' என்று இரண்டு 'எல்' போட்டு எழுதினால் அடியில் சிவப்புக்கோடு விழுகிறது.

ஒருபோதும் இரட்டாத எழுத்துகளும் உண்டு. 'எக்ஸ்' ஒரே எழுத்தானாலும் க், ஸ் என்ற இரண்டு ஒலிகளைச் சுமப்பதால் 'ஃபிக்ஸிங்' என்பதில் அது தனியாகவே நிற்கிறது. சொல்லிறுதியில் வரும் 'டபிள்யூ', 'ஒய்' ஆகியவை முன்னுள்ள உயிரோடு கலந்துவிடுவதால் அவற்றை மெய்யாக எண்ணுவதே இல்லை. 'பேனிக்' போலச் 'சி' எழுத்தில் முடிவன, இரட்டிப்பதற்குப் பதிலாகக் 'கே' ஒன்றைத் துணைக்கு அழைத்துக்கொள்கின்றன. 'வி' எழுத்தின் கதை தனி. இரண்டு 'வி' அடுத்தடுத்து வந்தால் 'டபிள்யூ' என்று கண்ணை ஏமாற்றும் என்பதால் பழைய எழுத்தர்கள் அதைத் தவிர்த்தனர். அதன் விளைவாக 'லிவிங்', 'டிரைவிங்' இரண்டிலும் ஒரே ஒரு 'வி' நிற்கிறது. முன்னது குறில், பின்னது நெடில் என்று எழுத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இயந்திரத்தை உறுமவிடும் 'ரெவ்' என்ற புதுச்சொல்லுக்கு அந்தப் பழைய அச்சம் இல்லாததால் அதில் இரண்டு 'வி' தாராளமாக வருகிறது.

கடைசியாக, நாம் ஏறிய பஸ். ஓர் உயிர், ஒரு மெய், ஓரசை என்று எல்லா நிபந்தனைகளையும் அது நிறைவேற்றுகிறது. ஆயினும் ஆங்கிலத்தில் அதன் பன்மையை வழக்கமாக ஒரே 'எஸ்' போட்டு, நடுவில் இரட்டாமல்தான் எழுதுகிறார்கள். 'பஸ்' என்பது 'ஆம்னிபஸ்' என்ற நீண்ட சொல்லின் வால். அந்த முழுச்சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழுவதால் மெய் இரட்டிக்க இடமில்லை. தலை வெட்டுப்பட்ட பின்னும் வால் பழைய வழக்கத்தை விடவில்லை. நாமோ தயங்காமல் இரட்டித்துப் 'பஸ்ஸில்' ஏறிவிடுகிறோம்.