ஸைபட்சு: ஏகபோகமும் இல்லை, குழுமமும் இல்லை

போட்டித் தேர்வுக் கையேடு ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானில், அமெரிக்கத் தளபதி மெக்கார்தரின் ஆட்சியில் நடந்த சீர்திருத்தங்கள் பற்றிய பக்கம். அடுத்தடுத்து இரண்டு வரிகள்: “ஏகபோகங்கள் ஒழிக்கப்பட்டன.” “ஏகபோகத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டது (1947).” பக்கம் கட்டும் தம்பி எட்டிப் பார்த்தான். “சார், ரெண்டும் ஒண்ணுதானே? பக்கம் தாண்டுது, ஒண்ணைத் தூக்கிடவா?” அவன்மேல் தப்பே இல்லை. தமிழில் அது ஒன்றாகத்தான் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் இரண்டு.

முதல் வரியில் இருக்க வேண்டியது ‘ஸைபட்சு’, பல தொழில்களைக் கையில் வைத்திருந்த செல்வக் குடும்பங்கள். ‘ஸை’ என்றால் செல்வம். ‘பட்சு’ என்றால் குடிப்பெருமை, அந்தப் பெருமையில் சேரும் கோஷ்டி. ஜப்பானிய எழுத்தில் ‘பட்சு’வை, ‘வாசல்’ என்று பொருள்படும் எழுத்துக்குள் அடைத்துத்தான் எழுதுவார்கள். ராணுவக் கோஷ்டி ‘குன்பட்சு’. ஒரே பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் தூக்கிவிடும் கூட்டம் ‘ககுபட்சு’. கொரியாவின் ‘செபோல்’கூட இதே இரண்டு எழுத்துகள்தான், உச்சரிப்பு மட்டும் வேறு. இரண்டாம் வரியில் இருப்பது ‘தொகுசென்’, அதாவது ஒருவரே வளைத்துப் போட்டுக்கொள்வது. அதற்கு ஏகபோகம் சரி.

ஸைபட்சுவுக்கு ஏன் சரியில்லை? ஏகபோகம் என்றால் ஒரு தொழிலில் ஒருவர் மட்டும். ஜப்பானில் மிட்சுயி, மிட்சுபிஷி, சுமிதோமோ, யசுதா என்று பெரிய வீடுகளே நான்கு. மிட்சுயிக்கு மீகே நிலக்கரிச் சுரங்கம் இருந்தால், மிட்சுபிஷிக்குத் தகஷிமா சுரங்கம். இவர்களுக்கு ஒரு வங்கி, அவர்களுக்கு ஒரு வங்கி. இவர்களுக்கு ஒரு வணிக நிறுவனம், அவர்களுக்கும் ஒன்று. எதிரும் புதிருமாகப் போட்டி போட்டவர்களை ஏகபோகம் என்பது எந்த ஊர்க் கணக்கு?

அங்கே சிக்கல், ஒரு தொழிலை ஒருவர் பிடித்திருந்தது இல்லை. பல தொழில்களின் குடுமியை ஒரு குடும்பம் பிடித்திருந்தது. மேலே குடும்பம், மிட்சுபிஷி என்றால் இவாசாகி குடும்பம். அதற்குக் கீழே ‘ஹோன்ஷா’ என்ற தலைமை நிறுவனம். அதன் வேலையே மற்ற நிறுவனங்களின் பங்குகளைக் கையில் வைத்திருப்பதுதான். அதற்கும் கீழேதான் வங்கி, சுரங்கம், கப்பல் கட்டும் தளம் எல்லாம். 1946இல் வேலையைத் தொடங்கிய கலைப்பு ஆணையம் வெட்டியது இந்தக் கழுத்தைத்தான். 10 குடும்பங்களைச் சேர்ந்த 56 பேரின் பங்குகளை வாங்கி, ஊழியர்களுக்கும் பொதுமக்களுக்கும் விற்றது. இதை ‘ஒழிப்பு’ என்பதும் அரைகுறை. மூலச்சொல் ‘கைதாய்’, உடலைப் பிரித்துப் போடுதல். சந்தையில் கத்தரிக்காயைக் கூறு கட்டி விற்பார்களே, ஏறக்குறைய அது. கூறுபோடுதல் என்று எழுதினால் நடந்தது கண்ணுக்குத் தெரியும்.

வடமொழிச் சொல் என்பதற்காக ஏகபோகத்தோடு நான் மல்லுக்கு நிற்கவில்லை. தனித்தமிழ் நண்பர் ஒருவர் அதை அடித்துவிட்டு ‘முற்றுரிமை’ என்று போட்டுக் கொடுத்தார். தப்பு அப்படியே இருக்கிறது, குளித்து வேட்டி மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். எழுத்துக்கு எழுத்து பெயர்க்கிறேன் என்று ‘நிதிக்குழு’ போடுகிறவர்களும் உண்டு. “மெக்கார்தர் ஆட்சியில் நிதிக்குழு கலைக்கப்பட்டது” என்று படித்தால், மாநிலங்களுக்கு வரிப் பங்கு பிரித்துத் தரும் டெல்லி நிதிக்குழுதான் நம் ஆளுக்கு நினைவுக்கு வரும்.

‘குழுமம்’ கொஞ்சம் தேவலை. ஆனால் அதை இங்கே செலவழித்துவிட்டால் அடுத்த பக்கத்துக்கு என்ன செய்வது? 1947 டிசம்பரில் வந்த செறிவுக் குறைப்புச் சட்டத்தில் (அளவுக்கு மீறிப் பெருத்த நிறுவனங்களைப் பிரிக்கும் சட்டம்) முதலில் 325 நிறுவனங்களைக் குறித்தார்கள். பனிப்போர் மூண்டதும் அமெரிக்காவின் மனம் மாறியது. கடைசியில் கை வைத்தது 18இல்தான். வங்கிகளைத் தொடவே இல்லை. 1950இல் மூன்றாகப் பிரிந்த மிட்சுபிஷி கனரகத் தொழிலகம் 1964இல் மறுபடி ஒன்றாகிவிட்டது. வங்கியைச் சுற்றி நிறுவனங்கள் ஒன்றின் பங்கை ஒன்று வாங்கி வைத்துக்கொண்டன. மிட்சுபிஷித் தலைவர்கள் கூடிப் பேச ‘வெள்ளிக்கிழமைச் சங்கம்’ என்றே ஒன்று உண்டு. வீட்டுப் பெரியவர் போய்விட்டார், பங்காளிகள் மட்டும் கூடிக்கொண்டார்கள். இதற்குப் பெயர் ‘கெய்ரெட்சு’. ஜப்பானின் வேகமான வளர்ச்சிக் காலத்தில் கேட்கும் சொல் இதுதான். குழுமம் இதற்குத்தான் பொருந்தும். நம் கையேடுகளில் ஸைபட்சுவும் குழுமம், கெய்ரெட்சுவும் குழுமம். படிக்கிற பிள்ளைக்கு இடையில் ஒரு போர் நடந்ததே தெரியாது.

‘பெருந்தனக்காரர்’ நம்மிடம் இருக்கிற சொல். ஸைபட்சுவுக்குப் ‘பெருந்தனக் குடி’ என்கிறேன். செல்வமும் வருகிறது, வாசலும் பரம்பரையும் வருகிறது. “பெருந்தனக் குடிகள் கூறுபோடப்பட்டன, ஏகபோகத் தடைச் சட்டம் வந்தது” என்று எழுதினால், எந்தத் தம்பியும் ஒன்றைத் தூக்கிவிடவா என்று கேட்க மாட்டான். நீளம் என்று தோன்றினால் ‘ஸைபட்சு’ என்றே வைத்துவிட்டு, முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். சுனாமியை அப்படித்தானே ஏற்றுக்கொண்டோம்?

மெய்ப்பின் ஓரத்தில் இதையெல்லாம் பென்சிலால் எழுதி அனுப்பினேன். அச்சாகி வந்த பிரதியில் “ஏகபோகங்கள் ஒழிக்கப்பட்டன” பத்திரமாக இருக்கிறது. பக்கம் தாண்டியதால் போனது 1947ஆம் ஆண்டுச் சட்டம்.