இரண்டாவது கடவுச்சீட்டை எப்போது தேட வேண்டும்?

வெளிநாட்டு கிளப்புகளில் ஆடும் விளையாட்டு வீரர்களின் குடியுரிமை, விசா வழக்குகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் வழக்கறிஞர் நான். இரட்டைக் குடியுரிமை பற்றி ஆலோசனை கேட்டு வருபவர்களில் பெரும்பாலானோர், கிளப் மாறுவதற்கான கெடு முடிய இரண்டு மூன்று வாரங்களே இருக்கும்போதுதான் வருகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு வாலிபால் வீரர், தம் தாத்தா இத்தாலியில் பிறந்தவர் என்றும், மாத இறுதிக்குள் இத்தாலியக் கடவுச்சீட்டு கிடைத்தால் ஒரு நல்ல கிளப்பில் சேர்ந்துவிடலாம் என்றும் சொன்னார். அதற்கு வழியே இல்லை. அந்த கிளப்பில் வெளிநாட்டவருக்கான இடங்கள் நிரம்பிவிட்டதால், ஆட்டத்தில் அவரைவிடச் சற்றுக் குறைந்தவராக இருந்தும் ஐரோப்பியக் கடவுச்சீட்டு வைத்திருந்த ஒருவரை எடுத்துக்கொண்டார்கள்.

இந்த இடக் கணக்கு 1995 டிசம்பர் 15 முதல் புதிய பொருள் பெற்றது. பெல்ஜியக் கால்பந்து வீரர் போஸ்மான் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களை அவர்களது நாட்டைக் காரணம் காட்டிக் கிளப் போட்டிகளில் கட்டுப்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் அன்று தீர்ப்பளித்தது. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கான வரம்பு மட்டும் நிலைத்தது. ஸ்பெயினின் முதல்நிலைக் கால்பந்து லீக்கில், ஒரு போட்டிக்கான அணியில் அத்தகையோர் மூன்று பேர்தான் இருக்கலாம். ஆனால் லத்தீன் அமெரிக்க நாடுகளின் குடிமக்கள் இரண்டு ஆண்டு சட்டப்படி வசித்தாலே ஸ்பானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், பிரேசில் நாட்டவரான வினீசியஸ் ஜூனியர் 2022இல் அதைப் பெற்று அந்த வரம்பிலிருந்து வெளியே வந்தார். அதே அணியில் ஆடும் ஒரு செனகல் நாட்டவர் ஸ்பானியக் குடியுரிமைக்குப் பொதுவிதிப்படி பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கைகளால் கிடைக்கும் சலுகையைக் குடியுரிமைக்கு நிகராக எண்ணிவிடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு உடன்படிக்கை உள்ள நாட்டவரை வேலையில் பாகுபடுத்தக் கூடாது என்ற, ஸ்லோவாக்கிய ஹேண்ட்பால் வீரர் கோல்பாக் தொடர்பான 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பை வைத்து, தென்னாப்பிரிக்காவிலிருந்தும் கரீபியன் நாடுகளிலிருந்தும் கிரிக்கெட் வீரர்கள் பலர் இங்கிலாந்தின் கவுன்ட்டி அணிகளில் வெளிநாட்டவர் என்ற கணக்கில் வராமலே ஆடினார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதும், 2020ஆம் ஆண்டு இறுதியோடு அந்த வழி அடைபட்டது. பிரிட்டிஷ் அல்லது அயர்லாந்துக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களுக்கு எதுவும் மாறவில்லை.

வெளிநாட்டவருக்கான இட வரம்பைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். என் அனுபவத்தில், குடியுரிமையின் பெரிய பயன் ஒப்பந்தம் முறியும் நாளில்தான் தெரியவருகிறது. பெரும்பாலான நாடுகளில் விளையாட்டு வீரருக்கான விசா, அவரை அழைத்த கிளப்போடு பிணைக்கப்பட்டது. முழங்கால் தசைநார் கிழிந்து ஓராண்டு ஆட முடியாமற்போன ஒரு வீராங்கனையின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதபோது, சிகிச்சை பாதியில் இருக்க, நாட்டைவிட்டு வெளியேற அவருக்குச் சில வாரங்களே அவகாசம் கிடைத்தது. கணவரின் வேலை அனுமதியும் பிள்ளையின் பள்ளிச் சேர்க்கையும் அந்த விசாவைச் சார்ந்தவை. அவருக்கு அந்நாட்டுக் குடியுரிமை இருந்திருந்தால், சிகிச்சையை முடித்துக்கொண்டு, அடுத்த கிளப்போடு அவசரமில்லாமல் பேசியிருக்கலாம். பயிற்சியாளர் தகுதித் தேர்வுக்குப் படித்திருக்கலாம். விசா முடியப்போகும் ஒருவர் எந்தச் சம்பளத்துக்கும் சம்மதிப்பார் என்பது கிளப் நிர்வாகிகளுக்கும் தெரியும்.

கடவுச்சீட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. அது பெரும்பாலோருக்குத் தேவைப்படாமலே போகட்டும். துருக்கி தம் கடவுச்சீட்டை ரத்து செய்ததால், கூடைப்பந்து வீரர் எனெஸ் கான்டர் 2017 மே மாதத்தில் ருமேனியாவின் புக்கரெஸ்ட் விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தப்பட்டார். 2021இல்தான் அவர் அமெரிக்கக் குடிமகனானார். ஒரே ஓர் அரசின் ஆவணத்தை நம்பி உலகைச் சுற்றுபவருக்கு, அந்த அரசே எதிராகத் திரும்பினால் என்ன நேரும் என்பதை இதில் காணலாம்.

அடுத்து, நான் அடிக்கடி திருத்த வேண்டியிருக்கும் ஒரு குழப்பத்துக்கு வருகிறேன். சட்டப்படியான குடியுரிமை வேறு, விளையாட்டில் ஒரு நாட்டுக்காக ஆடும் தகுதி வேறு. இரண்டாவது நாட்டின் கடவுச்சீட்டைப் பெற்றதனால் மட்டும் முதல் நாட்டின் தேசிய அணியில் ஆடும் உரிமை போய்விடாது. அதுபோலவே, கடவுச்சீட்டு கிடைத்த மறுநாளே புதிய நாட்டுக்காக ஆடிவிடவும் முடியாது. உலக ரக்பி அமைப்பு, பிறப்பாலோ வம்சாவளியாலோ தகுதி இல்லாதவரிடம் அந்நாட்டோடு 60 மாதத் தொடர்பு கேட்கிறது. கூடைப்பந்தில், 16 வயதுக்குப் பிறகு குடியுரிமை பெற்றவர் ஒரு தேசிய அணியில் ஒருவர்தான் இருக்கலாம். கால்பந்தில் ஃபிஃபா 2020இல் விதியைத் தளர்த்தியது: முதல் நாட்டுக்காக 21 வயதுக்குப் பின் ஆடாமலும், அதன் மூத்தோர் (சீனியர்) தேசிய அணிக்காக மொத்தம் மூன்று போட்டிகளுக்கு மேல் ஆடாமலும் இருப்பவர், உலகக் கோப்பை இறுதிச் சுற்றிலோ கண்டத்துக்கான கோப்பையின் இறுதிச் சுற்றிலோ பங்கேற்காதவராக இருந்தால், மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பின் வேறு நாட்டுக்கு மாறலாம். அதிலேயே ஏஜென்ட்டுகள்கூடக் கவனிக்காத ஒரு நிபந்தனை இருக்கிறது. முதல் நாட்டுக்காக அதிகாரபூர்வப் போட்டியில் முதன்முறை களமிறங்கிய நாளிலேயே அவருக்கு இரண்டாவது குடியுரிமையும் இருந்திருக்க வேண்டும். தேசிய அணியிலிருந்து அழைப்பு வருமுன் காகிதங்களை முடித்துவிடுங்கள் என்று இளம் வீரர்களின் பெற்றோரிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இழப்புகளையும் எடைபோட வேண்டும். இந்தியா, சீனா, சிங்கப்பூர் போன்ற நாடுகள் வயது வந்தோர் இரட்டைக் குடியுரிமை வைத்திருப்பதை ஏற்பதில்லை. அந்த நாட்டவருக்குப் புதிய கடவுச்சீட்டு என்றால் பழையதைத் துறப்பது என்று பொருள். ஜெர்மனியோ 2024 ஜூன் முதல் இரண்டையும் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அமெரிக்கக் குடிமகன் எந்த நாட்டில் சம்பாதித்தாலும் அமெரிக்காவில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். சில நாடுகளில் குடியுரிமையோடு கட்டாய ராணுவச் சேவையும் சேர்ந்து வரும்.

ஆவணங்களில் குறுக்கு வழி வேண்டாம். ஈக்வடார் கால்பந்து வீரர் பைரன் காஸ்டியோவின் கடவுச்சீட்டில் பொய்யான தகவல்கள் இருந்ததற்காக, 2022இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்நாட்டுக் கால்பந்து சங்கத்துக்கு அபராதம் விதித்ததோடு, அடுத்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அணிக்கு மூன்று புள்ளிகளையும் குறைத்தது. வம்சாவளி வழியும் என்றென்றும் திறந்திருப்பதில்லை. இத்தாலி 2025இல் அதைப் பொதுவாகப் பெற்றோர், தாத்தா பாட்டி என்ற இரண்டு தலைமுறையோடு சுருக்கிவிட்டது.

அந்த வாலிபால் வீரரின் தாத்தாவுடைய பெயர், திருமணப் பதிவேட்டில் ஓர் எழுத்து மாறி எழுதப்பட்டிருந்தது. அதைத் திருத்தி வாங்கவே ஏழு மாதங்கள் ஆயின. கடவுச்சீட்டு கைக்கு வந்தபோது அவருக்கு 31 வயது. முதலில் கேட்ட கிளப்போ ஏற்கெனவே வேறு ஆளை எடுத்துவிட்டிருந்தது.