டிவி சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை

"பக்கத்துல உட்கார்ந்து பேசினா நல்லாவே கேக்குது. டிவி மட்டும் ஒண்ணும் புரியல." காதுக்கருவி போட்டுக்கொண்டு சில வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வருபவர்களிடம் நான் அதிகம் கேட்கும் புகார் இது. கூட வந்திருக்கும் மகனோ மகளோ சும்மா இருக்க மாட்டார்கள்: "வால்யூமை ஏத்திக்கிட்டே போறாங்க, நாங்க யாரும் உட்கார முடியல." இரு தரப்பும் கருவி சரியில்லை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வந்திருப்பார்கள். கணினியில் போட்டுச் சோதித்தால் பெரும்பாலும் கருவி நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும்.

சிக்கல் தூரத்தில் இருக்கிறது. கருவியின் மைக் உங்கள் காதோரத்தில், டிவி எதிர்ச்சுவரில். தடையில்லாத வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறைந்துவிடும். அறைக்குள் என்றால் சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி, மின்விசிறி, பக்கத்து அறைப் பேச்சு எல்லாம் அதோடு கலக்கின்றன. போதாததற்கு, இன்றைய மெல்லிய டிவிகளில் பலவற்றுக்கு ஸ்பீக்கர் முன்பக்கம் இல்லை. கீழ்நோக்கியோ பின்பக்கமோ இருக்கிறது. வால்யூமை ஏற்றினால் பேச்சோடு எதிரொலியும் சேர்ந்தே ஏறும். சத்தம் கூடுகிறது, தெளிவு கூடுவதில்லை.

வயர்லெஸ் இணைப்பு இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. டிவியிலிருந்து வரும் ஒலி அறைக்காற்றில் கலக்காமல், ரேடியோ அலையாக நேரே கருவிக்குப் போய்விடுகிறது. அறைக்குள் எவ்வளவு தள்ளி உட்கார்ந்தாலும் காதருகே பேசுவதுபோல் கேட்கும்.

"என் மெஷின்ல ப்ளூடூத் இருக்கு, டிவியிலயும் இருக்கு, அப்புறம் ஏன் சேரல?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். விளம்பரங்கள் இதைத் தெளிவாகச் சொல்வதே இல்லை. டிவிகளில் பொதுவாக இருப்பது ஹெட்போனுக்கான பழைய வகை ப்ளூடூத். காதுக்கருவியின் பேட்டரி மிகச் சிறியது என்பதால், பல கருவிகள் மின்சாரம் குறைவாக இழுக்கும் வேறு வழிகளைப் பயன்படுத்துகின்றன. ஐபோனுக்கென்று ஆப்பிள் உருவாக்கியது ஒன்று, ஆண்ட்ராய்டுக்காக 2018-இல் கூகுள் அறிவித்த 'ஆஷா' இன்னொன்று. இவற்றைப் புரிந்துகொள்ளும் டிவிகள் இன்னும் குறைவு. பழைய வகை ப்ளூடூத்தையும் ஏற்கும் கருவிகள் உண்டு. ஃபோனாக் நிறுவனத்தின் சில மாடல்கள் அப்படிப்பட்டவை.

சேர்ந்துவிட்டாலும் தாமதம் என்று ஒன்று இருக்கிறது. படத்தைவிட ஒலி சுமார் 125 மில்லிநொடி பிந்தினால் பார்ப்பவர்கள் அதை உணரத் தொடங்குகிறார்கள் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998-ஆம் ஆண்டுப் பரிந்துரை. பழைய வகை ப்ளூடூத் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். காதை முழுக்க அடைக்காத, துளையுள்ள டோம் (காதுத் துளைக்குள் செருகும் மெல்லிய முனை) போட்டிருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: ஸ்பீக்கர் ஒலி துளை வழியாக முதலில் வரும், அதே சொல் கருவி வழியாகப் பின்னால் வரும். "கிணத்துக்குள்ள பேசற மாதிரி இருக்கு" என்பார்கள்.

அதனால் நான் பரிந்துரைப்பது கருவி நிறுவனமே தரும் டிவி ஸ்ட்ரீமரை. டிவியில் செருகினால் ஒலியை நேரே கருவிக்கு அனுப்பும், உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டி. ஃபோனாக் இதை டிவி கனெக்டர் என்கிறது, ஓட்டிகான் டிவி அடாப்டர் என்கிறது. தாமதம் மிகக் குறைவு, இடையில் போன் தேவையில்லை. ஒரே வீட்டில் பொருந்தும் கருவி போட்டவர்கள் இருவர் இருந்தால், பல மாடல்களில் ஒரே பெட்டி இருவருக்கும் போதும். ஆனால் ஒரு நிறுவனத்தின் பெட்டி பொதுவாக இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு சேராது. அதே நிறுவனத்திலும் பழைய கருவிக்குப் புதிய பெட்டி ஒத்துவராமல் போகலாம். மாடல் எண்ணைக் காட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பெட்டியை வாங்கிப்போனவர்கள் "சத்தமே வரல" என்று போன் செய்வது வழக்கம். காரணம் பெரும்பாலும் ஒன்றே: டிவியின் ஆப்டிகல் வெளியீடு (ஒலியை ஒளியாக அனுப்பும் துளை) 'டால்பி' அல்லது 'ஆட்டோ' என்றிருக்கும், பெட்டிக்கு அது புரியாது. சவுண்ட் செட்டிங்ஸில் டிஜிட்டல் அவுட்புட்டை 'பிசிஎம்' என்று மாற்றினால் பேசத் தொடங்கிவிடும். ஆப்டிகல் துளை இல்லாவிட்டால் ஹெட்போன் துளையில் செருகலாம்; ஆனால் பல டிவிகள் அப்போது ஸ்பீக்கரை அணைத்துவிடும், வீட்டில் மற்றவர்கள் ஊமைப்படம்தான் பார்க்க வேண்டும். செட்டாப் பாக்ஸில் செருகுவதைவிட டிவியிலேயே செருகுவது நல்லது. இல்லாவிட்டால் அந்த பாக்ஸில் ஓடும் சேனல் மட்டும் கேட்கும், டிவியிலேயே இருக்கும் யூடியூப் கேட்காது.

ஆப்டிகலில் ஒரு வசதி: ரிமோட்டில் வால்யூமைக் குறைத்தாலும் கருவிக்குப் போகும் ஒலி பொதுவாக மாறாது. அவரவர் சத்தம் அவரவர்க்கு. வீட்டுச் சண்டை பாதி இதிலேயே ஓய்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

டிவி ஒலி வரும்போது பல கருவிகள் வெளி மைக்கைத் தாமாகவே தணித்துவிடும். அழைப்பு மணியும் கூப்பிடும் குரலும் கேட்காமல் போகலாம். இதைக் கருவியின் ஆப்பிலோ எங்களிடம் வந்தோ உங்களுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். பேட்டரி வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீரும். துளையுள்ள டோமில் பாட்டின் கனமான ஒலிகள் வெளியே கசிந்து சன்னமாகக் கேட்கும். அது பழுது இல்லை.

'ஆராகாஸ்ட்' பற்றியும் கேட்கிறார்கள். 2020-இல் அறிவிக்கப்பட்ட புதிய வகை ப்ளூடூத்தின் ஒலிபரப்பு வசதி அது. 2022-இல் இந்தப் பெயர் வைத்தார்கள். ஒரு டிவியிலிருந்து எத்தனை கருவிகள் வேண்டுமானாலும், எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் கேட்கலாம். நல்ல வழிதான். ஆனால் டிவி, கருவி இரண்டிலும் அது இருக்க வேண்டும். இதற்காக மட்டும் நன்றாக ஓடும் டிவியை மாற்றாதீர்கள். பழைய கருவியில் டெலிகாயில் (காந்த அலையாக வரும் ஒலியை வாங்கும் சிறு கம்பிச்சுருள்) இருந்தால் கழுத்தில் மாட்டும் லூப் இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது.

ஸ்ட்ரீமர் வைத்தும் சொற்கள் குழம்பினால் என்னிடம் திரும்பி வாருங்கள். தூரமும் எதிரொலியும் விலகிவிட்டன என்பதால், இனிப் பார்க்க வேண்டியவை சிலவே. ரிசீவர் (கருவியின் குட்டி ஸ்பீக்கர்) முனையில் அழுக்கு அடைத்திருக்கலாம். காதின் கேட்கும் திறன் மாறியிருக்கலாம், அப்படியானால் புதிதாகப் பரிசோதித்துக் கருவியைத் திருத்த வேண்டும். இரண்டும் இல்லையென்றால், சொற்களைப் பிரித்தறியும் திறனே குறைந்திருக்கலாம். ஒலி எவ்வளவு சுத்தமாக வந்தாலும் அந்தக் குறையை அது முழுதாக ஈடுகட்டாது. அப்போது ஸ்ட்ரீமரோடு சப்டைட்டிலையும் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் சேர்ந்தால் கதை பிடிபடும்.