ரேடாரில் வந்த பேய்க் கப்பல்

கப்பல் ரேடார்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். அமெரிக்கப் போர்க்கப்பலின் ரேடாரில் பறக்கும் தட்டு என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது சுற்றினால் போதும், சிங்கப்பூர் தேக்காவில் டீ குடிக்கப் போனாலும் "உண்மையாண்ணே?" என்று பிடித்துக்கொள்வார்கள்.

பெரும்பாலும் கேட்பது 2004 நவம்பர் சம்பவத்தைப் பற்றித்தான். கலிஃபோர்னியாவை ஒட்டிய கடலில், பிரின்ஸ்டன் கப்பலின் ரேடாரில் விளங்காத புள்ளிகள். நிமிட்ஸ் விமானந்தாங்கியிலிருந்து கிளம்பிய விமானி டேவிட் ஃபிரேவர், இறக்கையில்லாத வெள்ளைப் பொருள் ஒன்றைக் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னார். அதற்கு நான் விளக்கம் சொல்லப் போவதில்லை. புள்ளியை மட்டும் வைத்துச் சொல்லும் கதை என்றால்தான் கொஞ்சம் நிதானிப்பேன். ரேடாருக்குக் கப்பலும் தெரியாது, தட்டும் தெரியாது. திரும்பி வந்த எதிரொலி மட்டும்தான்.

ஒருமுறை கிழக்கு நங்கூரத் தளத்தில் நின்ற சரக்குக் கப்பலிலிருந்து அழைப்பு. மரினா சவுத் பியரில் படகு பிடித்துப் போனேன். செகண்ட் மேட், அதாவது கப்பலின் அதிகாரிகளில் ஒருவர், மதுரைக்காரர், என்னைவிடச் சின்னவர். "அண்ணே, முன்பக்கம் கப்பல் ஒண்ணு நகருது. வெளியே பார்த்தா தண்ணிதான் இருக்கு!" வலப்பக்கம் போய்க்கொண்டிருந்த நிஜக் கப்பல் எவ்வளவு தூரமோ, பேயும் கிட்டத்தட்ட அதே தூரம். திசை மட்டும் எங்கள் கிரேன் இருந்த பக்கம். தூக்கியபடி விட்டிருந்த கிரேன் கையில் பட்டுத் தெறித்த அலை, அந்தக் கப்பலைத் தொட்டு, போன வழியே திரும்பியிருக்கிறது. கையை இறக்கினோம். பேய் போய்விட்டது.

இன்னொரு வகை இதைவிடப் பொல்லாதது. ரேடார் அலையைத் துண்டு துண்டாக அனுப்பும்; ஒரு துண்டுதான் ஒரு துடிப்பு. விநாடிக்கு 1000 துடிப்பு அனுப்பும் ரேடார், 150 கிலோமீட்டருக்குள் இருப்பதைத்தான் சரியாகக் கணக்கிடும். கடல்மேல் காற்றின் ஈரமும் வெப்பமும் ஒரு மாதிரி அடுக்கடுக்காக அமைந்தால், அலை வளைந்து அதற்கப்பாலும் போய்வரும். 160 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலையின் எதிரொலி அடுத்த துடிப்பு கிளம்பிய பிறகு வந்து சேரும். திரையில் 10 கிலோமீட்டரில் மலை! ரேஞ்சை, அதாவது திரை எவ்வளவு தூரம் வரை காட்ட வேண்டும் என்ற அமைப்பை, மாற்றிப் பாருங்கள். துடிப்பின் எண்ணிக்கையும் பெரும்பாலும் கூடவே மாறும். பொய்ப் புள்ளி இடம் தாவும், இல்லையென்றால் காணாமல் போகும்.

சோதிக்காமல் சுட்டவர்களும் உண்டு. 1943 ஜூலையில் அலாஸ்காவின் கிஸ்கா தீவுக்கு அருகே, அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ரேடார் புள்ளிகளை நோக்கி 500-க்கும் மேற்பட்ட 14 அங்குலக் குண்டுகளைச் சுட்டுத் தீர்த்தன. அங்கே ஜப்பானியக் கப்பல் ஒன்றுகூட இல்லை. கடற்பறவைக் கூட்டமாக இருந்திருக்கலாம் என்பது பின்னாளில் சொன்ன காரணங்களில் ஒன்று.

அப்புறம் அந்த மதுரைக்காரர். லாக் புக்கில் எதுவும் எழுதாமல் விடப் பார்த்தார், கேப்டன் சிரிப்பாராம். நேரம், திசை, தூரம், கிரேன் எல்லாவற்றையும் எழுத வைத்துவிட்டுத்தான் படகில் ஏறினேன்.