முதலாளி இல்லாத சமூக ஊடகம் உண்டா?

சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் இயங்கும் ஒரு வாசகர் வட்டத்திலிருந்து வந்த கேள்வி இது: "ஃபேஸ்புக் குழுவை மூடிவிட்டு மாஸ்டடானுக்கோ புளூஸ்கைக்கோ போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அவை பரவலாக்கப்பட்டவை, எந்த நிறுவனமும் அங்கே கைவைக்க முடியாது என்கிறார் எங்கள் செயலாளர். சரியா?"

செயலாளர் சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்று தெரியாமல் குழுவை மூடிவிடாதீர்கள்.

மாஸ்டடானை முதலில் முடித்துவிடுவோம். 2016இல் ஜெர்மனியில் ஓய்கன் ரோக்கோ என்ற நிரலாளர் தொடங்கியது. அடியில் ஓடும், சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் விதிகளான ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் பரிந்துரையாக வெளியிட்டது. ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பேர். நீங்கள் ஒன்றை எழுதினால், உங்களைப் பின்தொடர்பவர்கள் இருக்கும் சர்வர்களுக்கெல்லாம் உங்கள் சர்வர் அதைக் கையொப்பமிட்டு அனுப்பும். 10,000 பேர் 1,200 சர்வர்களில் சிதறிக் கிடந்தால் 1,200 முறை அனுப்பினால் போதும், ஒரே சர்வரில் இருப்பவர்களுக்குப் பொதுப் பெட்டி ஒன்று உண்டு. எதிர்ப்பக்க சர்வர் படுத்திருந்தால் மறுபடி முயலும். காத்திருக்கும் நேரம் தோல்விகளின் எண்ணிக்கையுடைய நான்காம் அடுக்காக ஏறும்: 10 தோல்விக்குப் பிறகு 10,000 விநாடி, அதாவது 2 மணி 47 நிமிடம். அதன்மேல் தற்செயலாக இன்னும் கொஞ்சம் நேரத்தைச் சேர்ப்பார்கள். படுத்த சர்வர் எழுந்ததும் எல்லாரும் ஒரே நொடியில் வந்து மோதி அதை மறுபடி படுக்கப் போட்டுவிடக் கூடாதே.

இதில் அதிகாரம் எங்கே இருக்கிறது? அந்தக் கையொப்பத்துக்கான ரகசியச் சாவி, அதாவது கையொப்பம் போடும் நீண்ட ரகசிய எண், உங்கள் கைப்பேசியில் இல்லை. சர்வரின் தரவுத்தளத்தில், உங்கள் கணக்குக்கு நேராக இருக்கிறது. ஆகவே சர்வரை நடத்துபவர் நினைத்தால் உங்கள் பெயரில் எழுதலாம். தனிச்செய்திகளையும் படிக்கலாம், அவை மறையாக்கம் செய்யப்படுவதில்லை. சர்வர் மூடப்பட்டால், முன்கூட்டியே சொல்லியிருந்தால், பின்தொடர்பவர்களை வேறு சர்வருக்கு நகர்த்தலாம். பழைய பதிவுகள் நகராது. முன்கூட்டியே சொல்லாவிட்டால் அதுவும் இல்லை. 2024 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானின் டாட் ஏஎஃப் முகவரியில் இயங்கிய ஒரு சர்வர், தலிபான் அரசு அந்த முகவரியை முடக்கியதோடு முடிந்தது. கணினி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, பெயர்தான் போனது.

சர்வர் போட நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நிறுவும்போது அமைப்புக் கோப்பில் கொடுக்கும் முகவரியைப் பிறகு மாற்ற முடியாது. மாற்றினால் மற்ற சர்வர்களின் கண்ணில் நீங்கள் எல்லாரும் புது ஆட்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று ஏதோவொரு நாட்டின் முகவரியை வாங்கிப் போடுகிறவர்கள் தங்கள் வட்டத்தின் அடையாளத்தை அந்த நாட்டு அரசிடம் அடகு வைக்கிறார்கள்.

இனி புளூஸ்கை. டுவிட்டருக்குள்ளேயே 2019 டிசம்பரில் ஜாக் டார்சி அறிவித்த திட்டம், பிறகு ஜே கிரேபர் தலைமையில் தனி நிறுவனமாகி, 2024 பிப்ரவரியில் எல்லாருக்கும் கதவு திறந்தது. இங்கே வேலையை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் பதிவுகள் இருக்கும் சேமிப்பு சர்வர் ஒன்று. எல்லாச் சேமிப்பு சர்வர்களிலிருந்தும் வருவதைத் திரட்டி ஒரே ஓடையாக விடும் ரிலே ஒன்று. அந்த ஓடையிலிருந்து விருப்ப எண்ணிக்கை, பதில்கள், தேடல் எல்லாவற்றையும் கணக்கிட்டுத் திரையில் காட்டும் பகுதி ஒன்று. முதலாவதைச் சின்ன வாடகைக் கணினியில்கூட நடத்தலாம். மூன்றாவதை நடத்தப் பணம் வேண்டும், அதனால்தான் பெரும்பாலோர் இன்றும் அந்த நிறுவனத்தின் கணினிகள் வழியாகவே எல்லாவற்றையும் பார்க்கிறார்கள்.

ஆனால் இந்த அமைப்பில் நின்று ரசிக்க வேண்டிய இடம் வேறு. சேமிப்பு சர்வரை மாற்றலாம், மற்றவர்கள் உங்களைக் கூப்பிடும் கைப்பிடிப் பெயரை மாற்றலாம், சாவியைக்கூட மாற்றலாம். எல்லாம் மாறிய பிறகும் நீங்கள் அதே ஆள்தான் என்று உலகத்துக்கு எப்படித் தெரியும்? அதற்கென்று ஓர் அடையாள எண் இருக்கிறது, பிஎல்சி என்பார்கள். அதைக் கொடுப்பதற்கு அலுவலகம் எதுவும் கிடையாது. எண் தன்னைத்தானே உண்டாக்கிக்கொள்கிறது.

கணக்குத் தொடங்கும்போது ஒரு சின்னப் பதிவு எழுதப்படுகிறது. உங்கள் கைப்பிடிப் பெயர் என்ன, பதிவுகள் எந்த சர்வரில் இருக்கின்றன, பதிவுகளைக் கையொப்பமிடும் சாவி எது, இந்தத் தகவல்களை இனி மாற்ற உரிமையுள்ள சாவிகள் எவை என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசியில் சொன்னவற்றைச் சுழற்சிச் சாவிகள் என்பார்கள், 1 முதல் 5 வரை வைத்துக்கொள்ளலாம். பதிவைக் கையொப்பமிட்டு, முழுவதையும், எந்தத் தரவுக்கும் கைரேகை போன்ற ஓர் எண்ணைத் தரும் ஷா-256 என்ற ஹாஷ் கணிப்புக்குள் செலுத்தினால் 256 பிட் எண் ஒன்று வரும். அதை 26 ஆங்கில எழுத்துகளும் 2 முதல் 7 வரையிலான இலக்கங்களும் கொண்ட 32 குறியீடுகளில் எழுதி, முதல் 24 குறியீடுகளை மட்டும் வெட்டி எடுத்தால் அதுதான் உங்கள் அடையாளம். ஒவ்வொரு குறியீட்டுக்கும் 5 பிட், மொத்தம் 120 பிட். வேறொரு பதிவை எழுதி அதே அடையாளத்தை வரவைக்க நினைப்பவர் முயல வேண்டிய தடவைகள், 1க்குப் பின்னால் 36 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணைவிடக் கொஞ்சம் அதிகம். பிறப்பையும் பெயரையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார்கள். முதல் பதிவில் ஓர் எழுத்து மாறினாலும் பெயர் பொருந்தாது.

பிறகு வரும் ஒவ்வொரு மாற்றமும், தனக்கு முந்தைய பதிவின் ஹாஷைத் தன்னுள் எழுதிக்கொண்டு, அந்த முந்தைய பதிவில் உரிமை பெற்ற சாவியால் கையொப்பமிடப்பட்டு வர வேண்டும். ஊரில் நிலம் வாங்குகிறவர்கள் மூலப்பத்திரம் வரை பின்னோக்கிப் புரட்டிப் பார்ப்பார்களே, அதேதான். ஒவ்வொரு பத்திரமும் முந்தையதைச் சுட்டும், விற்றவருக்கு விற்க உரிமை இருந்ததா என்பதை முந்தைய பத்திரமே சொல்லும். பதிவாளரை நம்பத் தேவையில்லை, தாள்களே சாட்சி.

திருட்டுக்கும் வழி யோசித்திருக்கிறார்கள். சுழற்சிச் சாவிகளுக்குள் வரிசை உண்டு. கீழ்வரிசைச் சாவி ஒன்று திருடுபோய், திருடன் உங்கள் கணக்கை வேறு சர்வருக்கு மாற்றிவிட்டான் என்று வையுங்கள். அவன் போட்ட பதிவுக்கு முந்தைய பதிவையே சுட்டி, மேல்வரிசைச் சாவியால் புதுப் பதிவு ஒன்று போட்டால் அவனுடைய கிளை செல்லாமல் போய்விடும். கெடு 72 மணி நேரம். வெள்ளிக்கிழமை இரவு திருடியவன் திங்கட்கிழமை காலை தப்பிக்க முடியாது.

இந்த 72 மணி நேரத்தைக் கணக்கிடுவது யாருடைய கடிகாரம்? கையொப்பமிட்ட பதிவுக்குள் நேரம் எழுதப்படுவதில்லை. பதிவு வந்து சேர்ந்த நேரத்தைக் குறிப்பது எல்லாச் சங்கிலிகளையும் வைத்திருக்கும் பொதுப் பதிவேடு. அந்தப் பதிவேடு ஒன்றுதான் இருக்கிறது, அதை நடத்தி வந்தது புளூஸ்கை நிறுவனம். சுவிட்சர்லாந்தில் பதிவாகும் தனி அமைப்பிடம் அதை ஒப்படைக்கப் போவதாக 2025இல் அறிவித்தார்கள். நல்ல முடிவு. ஆனால் யார் நடத்தினாலும் இந்தப் பதிவேட்டால் செய்ய முடிந்ததும் முடியாததும் ஒன்றுதான். உங்கள் சாவி இல்லாமல் உங்கள் பெயரில் ஒரு மாற்றத்தை அது புனைய முடியாது. ஆனால் நீங்கள் அனுப்பும் மாற்றத்தை வாங்க மறுக்கலாம். வாங்கியதைக் காட்டாமல் மறைக்கலாம். 71ஆவது மணியில் வந்ததை 73ஆவது மணியில் வந்ததாகக் குறிக்கலாம். அதை நகலெடுத்து வைத்திருப்பவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம், அதுவும் அவர்களுக்கு முதலில் காட்டப்பட்டிருந்தால்.

செயலாளர் சொன்னதில் எது சரிப் பாதி என்பது இங்கே தெரிந்துவிடும். கணிதம் நிறுவனத்திடமிருந்து பறிப்பது பொய்ப் பத்திரம் எழுதும் அதிகாரத்தை மட்டும். "இல்லை, முடியாது, நாளை வா" என்று சொல்லும் அதிகாரம் கணினியின் மின்கட்டணத்தைக் கட்டுபவரிடமே இருக்கிறது. எதையும் பிளாக்செயினில் போட்டால் முதலாளி மறைந்துவிடுவார் என்று நம்புபவர்களைப் பார்க்கும்போது, தாயத்து கட்டினால் காய்ச்சல் போய்விடும் என்பவர்கள் எவ்வளவோ மேல் என்று தோன்றுகிறது. அவர்கள் அடுத்த நாளாவது டாக்டரிடம் போவார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நிறுவனத்தின் சேமிப்பு சர்வரில் சாதாரணமாகத் தொடங்கிய கணக்குகளில், கையொப்பச் சாவியும் சுழற்சிச் சாவிகளும் நிறுவனத்திடமே இருக்கும். அதாவது மாஸ்டடானில் பார்த்த அதே நிலைமை. மாறுபாடு என்னவென்றால், இங்கே உங்கள் சொந்தச் சுழற்சிச் சாவி ஒன்றை வரிசையின் மேலே சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. அப்படிச் சேர்த்தவர், சேமிப்பு சர்வர் ஒத்துழைக்க மறுத்தாலும் வெளியேறலாம். சேர்க்காதவருக்கு அந்த வசதி காகிதத்தில்தான். செயலியில் இதற்கென்று பொத்தானைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், செயலிக்கு வெளியே உள்ள கருவிகள் வழியாகத்தான் செய்ய வேண்டியிருக்கும். அரசின் மின்னடையாளமான சிங்பாஸின் கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுத் தர ஆள் இருக்கிறது. இந்தச் சாவி தொலைந்தால் யாரும் இல்லை.

சட்டத்தின் பக்கமும் ஒன்று. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் வயதுச் சரிபார்ப்புச் சட்டம் வந்தபோது, புளூஸ்கை அந்த மாநிலத்துக்கே தன் செயலியை அடைத்தது. முடிவு தன் செயலிக்கு மட்டும்தான், அதே நெறிமுறையில் ஓடும் மற்றவை எப்படி வேண்டுமானாலும் நடந்துகொள்ளலாம் என்றும் சொன்னது. பிரித்து வைத்ததன் பலன் அது. நம் ஊரில் 2023 ஜூலையில் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்பு நடைமுறைக் குறிப்பு, ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக், யூடியூப், எக்ஸ், ஹார்ட்வேர்ஸோன் ஆகிய ஆறைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குகிறது. 40 பேர் கொண்ட வாசகர் வட்டத்தின் சர்வர் அந்தப் பட்டியலில் வராது. அதற்காகச் சட்டத்துக்கு வெளியே இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். இணையத்தில் பொய்ச் செய்தி பரவுவதைத் தடுக்கும் பொஃப்மா சட்டத்தின் திருத்த உத்தரவு தனிமனிதருக்கும் வரலாம், பின்பற்றத் தவறினால் 20,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். பெருநிறுவனத்தில் அந்தக் கடிதத்தைப் பிரிக்க ஒரு வழக்கறிஞர் கூட்டம் இருக்கும். உங்கள் வட்டத்தில் யார் பிரிப்பார்?

ஆள் பற்றாக்குறைதான் உண்மையான சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் அலுவலகமே 2022 ஏப்ரலில் மாஸ்டடான் சர்வர் ஒன்றைப் பரிசோதனையாகத் தொடங்கி, தொடர்ந்து நடத்த ஆள் கிடைக்காமல் 2024 மே மாதம் மூடியது. மாஸ்டடானும் தன் கைப்பேசிச் செயலியில் புதியவர்களை 2023இல் தன் சொந்தப் பெரிய சர்வருக்கே நேராக அனுப்பத் தொடங்கியது. சர்வரைத் தேர்ந்தெடு என்றதுமே பாதிப் பேர் ஓடிவிடுகிறார்கள் என்றால் வேறென்ன செய்வார்கள்? புளூஸ்கையோ 2023இல் 8 மில்லியன் அமெரிக்க டாலரும் 2024இல் 15 மில்லியன் டாலரும் முதலீட்டாளர்களிடம் வாங்கியிருக்கிறது. அந்தப் பணம் என்றாவது ஒருநாள் லாபம் கேட்டு வரும்.

புது நெறிமுறை எழுத ஆராய்ச்சி நிதி கிடைக்கிறது. எழுதியதை இருபது ஆண்டு பராமரிக்க யாரும் தருவதில்லை. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் செயற்கை நுண்ணறிவுக்கு ஐந்தாண்டுகளில் 1 பில்லியன் வெள்ளிக்கு மேல் என்றார்கள். அதில் சில்லறை போதும், இந்த மாதிரிப் பொதுப் பதிவேட்டின் நகல் ஒன்றை இங்கே ஒரு பொது அமைப்பு வைத்துக்கொள்ள. தேசிய நூலக வாரியம் 2019 முதல் டாட் எஸ்ஜி தளங்களைத் தானாகவே சேகரித்து வைக்கிறது. கையொப்பச் சங்கிலிகளின் நகலும் அதே வகை வேலைதான். பல நாட்டு நூலகங்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் 71ஐ 73 ஆக்க யாருக்கும் துணிச்சல் வராது.

சரி, வாசகர் வட்டம் என்ன செய்யலாம்? சர்வர் போட வேண்டாம். புளூஸ்கையில் கணக்கு ஒன்றைத் தொடங்கி, இணைய முகவரி ஒன்று வாங்குங்கள். டாட் எஸ்ஜி என்றால் நிர்வாகத் தொடர்பாளர் சிங்பாஸ் மூலம் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும், அதைச் செய்பவர் அடுத்த ஆண்டு வட்டத்தை விட்டுப் போகாதவராக இருக்கட்டும். டாட் சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடியும் முகவரியும் உண்டு. ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் புளூஸ்கை கைப்பிடிப் பெயராக அது எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் பதிவாகும். வாங்கிய முகவரியின் டிஎன்எஸ் அமைப்பில், அதாவது இணையத்தின் முகவரிப் புத்தகத்தில், டிஎக்ஸ்டி என்ற எழுத்துவடிவப் பதிவு ஒன்று சேர்த்து, அதில் உங்கள் பிஎல்சி அடையாளத்தை எழுதினால் அந்த முகவரியே கைப்பிடிப் பெயராகிவிடும். முகவரி காலாவதியானால் பெயர் செல்லாதது என்று காட்டும், ஆனால் அடையாளமும் பின்தொடர்பவர்களும் அப்படியே இருப்பார்கள். சொந்தச் சுழற்சிச் சாவியைச் சேர்த்து, தாளில் அச்சிட்டு இருவரிடம் தனித்தனியே கொடுத்து வையுங்கள்.

மாதம் ஒருமுறை புளூஸ்கையின் அமைப்புப் பக்கத்தில் தரவை ஏற்றுமதி செய்து பதிவிறக்குங்கள். வருவது கார் (CAR) வகைக் கோப்பு ஒன்று. பதிவுகள், விருப்பங்கள், பின்தொடர்தல்கள் எல்லாம் கையொப்பத்தோடு அதில் இருக்கும். படங்கள் இருக்காது, அவற்றைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும்.