சோலார் பண்ணைக்கு அரசு தரும் சலுகை: தொகையை விட தேதி முக்கியம்

வீட்டு மாடியில் சோலார் போட்டால் மானியம் நேராக வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. நூறு, இருநூறு மெகாவாட் பண்ணைக்கும் அப்படி ஒரு பெரிய தொகை போகும் என்று பலர் நினைக்கிறார்கள். 2013-14இல் தேசிய சோலார் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் மெகாவாட்டுக்கு 2.5 கோடி ரூபாய் வரை நேரடியாகவே கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் பெரிய பண்ணைகளுக்கான உதவி பெரும்பாலும் ரொக்கமாக வருவதில்லை. யூனிட் விலையிலும் வரியிலும் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பிக் கட்டணத்திலும் ஒளிந்திருக்கும். அதனால்தான் அது குறைக்கப்படும்போதும் வெளியே தெரிவதில்லை.

முதலில் விலை. 2014 செப்டம்பரில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம், மின்வாரியம் பண்ணைகளிடம் வாங்கும் சோலார் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 7.01 ரூபாய் நிர்ணயித்தது. கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையம் எழுந்தது இந்த விலையை நம்பித்தான். 2016 மார்ச் கடைசியில் புதிய ஆணை வந்தது: ஏப்ரல் முதல் 5.10 ரூபாய். வித்தியாசம் 1.91 ரூபாய்தானே என்று விட்டுவிட முடியாது. ஒரு மெகாவாட் வருடத்துக்குச் சுமார் 15 லட்சம் யூனிட் தரும் என்று வையுங்கள். மெகாவாட்டுக்கு வருடம் 28 லட்சத்துக்கு மேல். 25 வருடத்துக்கு ஏழு கோடி ரூபாய். ஒரே நாள் தாமதத்தில் கைவிட்டுப் போவது இவ்வளவு.

இதில் எந்த நாள் கணக்கு? ஒப்பந்தம் போட்ட நாளும் இல்லை, பேனல் மாட்டிய நாளும் இல்லை. மின்சாரம் மீட்டர் வழியாக கிரிட்டுக்குள், அதாவது பொது மின்கம்பி வலைக்குள் போய், அதற்குச் சான்றிதழ் கிடைக்கும் நாள். பேனல், இன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் தயாராக இருக்கும். துணைமின் நிலையத்தில் இணைப்பு இடம் மட்டும் முடிந்திருக்காது. அப்போது அந்தப் பண்ணை வெயிலில் கிடக்கும் வெறும் கண்ணாடிதான். மார்ச் மாதக் கடைசி வாரத்தில் சோலார் தளங்களில் ராத்திரியும் விளக்குப் போட்டு போல்ட் முடுக்குவது இதனால்தான்.

பிறகு, குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம் என்ற ஏலம் வந்தது. 2017இல் தமிழ்நாட்டு ஏலத்தில் விலை 3.47 ரூபாய்க்கு இறங்கியது. அதே வருடம் ராஜஸ்தானின் பட்லாவில் 2.44 ரூபாய். ஏலம் வந்ததும் சலுகையின் குணமே மாறிவிட்டது, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஏலம் கேட்பவர் தனக்குக் கிடைக்கும் சலுகையை எல்லாம் கழித்துவிட்டுத்தான் விலை சொல்வார். ஆக, சலுகையின் பலன் மின்சாரம் வாங்கும் வாரியத்துக்குப் போய்விடுகிறது. ஏலத்துக்கு முன்பே சலுகை போனால் அடுத்த ஏலத்தின் விலை ஏறும். ஏலத்துக்குப் பின் போனால் நிலையம் கட்டுபவர் தலையில் விழும். ஒப்பந்தத்தில் ‘சட்ட மாற்றம்’ என்ற பிரிவு இருந்தால், வரி உயர்வு போன்றவற்றுக்கு ஆணையத்திடம் போய் ஈடு கேட்கலாம். ஆணை வர நாள் பிடிக்கும். அதுவரை வங்கி வட்டி நிற்காது.

வரிச் சலுகையும் இப்படியே ஏறி இறங்கியது. முன்பு முதலீட்டில் 80 சதவீதத்தை முதல் வருடமே தேய்மானமாக, அதாவது வரிக் கணக்கில் செலவாக, லாபத்திலிருந்து கழிக்கலாம். 2017 ஏப்ரலிலிருந்து 40 சதவீதம்தான். நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் அதிலும் பாதி. இறக்குமதி பேனலுக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 40 சதவீதச் சுங்க வரி விழுந்தது. உள்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு அது ஆதரவு, பண்ணை கட்டுபவருக்குச் செலவு. அரசு ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கியது என்றே எனக்குப் படுகிறது. ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12இலிருந்து 5 சதவீதமாக இறங்கியது கொஞ்சம் ஆறுதல்.

இப்போதைய பெரிய மாற்றம் கம்பிக் கட்டணத்தில். மாநிலம் விட்டு மாநிலம் மின்சாரம் கடத்தும் கட்டணம் சோலாருக்கு முழுவதும் விலக்காக இருந்தது. 2025 ஜூன் 30க்குள் இயங்கத் தொடங்கிய நிலையங்களுக்கு 25 வருடமும் விலக்கு உண்டு. அதற்குப் பின் ஒரு வருடத்துக்குள் வந்தால் விலக்கு 75 சதவீதம், அடுத்த வருடம் 50, அதற்கடுத்த வருடம் 25. 2028 ஜூன் 30க்குப் பிறகு ஒன்றுமில்லை. அதே இடத்தில் பேட்டரியும் வைத்து, அது 2028 ஜூனுக்குள் இயங்கத் தொடங்கினால் அந்த பேட்டரிக்கு விலக்கு உண்டு.

விலக்கு முழுதாக இருந்தவரை ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மின்சாரம் தூரச் செலவே இல்லாமல் சென்னைக்கு வந்தது. இனி புதிதாக வரும் நிலையங்களுக்கு அந்தத் தூரத்துக்குக் காசு. மாநிலத்துக்குள்ளேயே விற்கும் ராமநாதபுரம், தூத்துக்குடிப் பண்ணைகளுக்கு இந்தக் கட்டணம் பொருந்தாது. அவற்றின் மதிப்பு கூடும் என்பது என் கணிப்பு.

அப்படிக் கூடும்போது உங்கள் நிலத்தைக் கேட்டும் ஆள் வரலாம். மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் தேவை, குத்தகை 25 வருடத்துக்குக் குறையாது. ஏக்கருக்கு எவ்வளவு என்பதோடு விட்டுவிடாதீர்கள். வாடகை கையெழுத்திட்ட நாளிலிருந்தா, மின் உற்பத்தி தொடங்கிய நாளிலிருந்தா? சலுகைத் தேதி தவறி, பாதி வேலையில் நிறுவனம் பின்வாங்கினால் நட்ட கம்பங்களையும் கான்கிரீட்டையும் யார் பிடுங்குவது? இரண்டுக்கும் பதில் ஒப்பந்தத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.